பிறர் உணவுக்காக ஒரு காய்கறித் தோட்டம்: தன்னார்வலர்களுக்கான வழிகாட்டி

உணவுக்குத் தவிப்பவர்களுக்காகக் காய்கறி விளைவிக்க முன்வரும் குழுக்கள் பெரும்பாலும் நிலம் தேடுவதில் தொடங்குகின்றன. அதற்கு முன்பே, விளைச்சலைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர்களைக் கண்டு பேசிவிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. வீட்டுத் தோட்டத்தில் காய் கூடினாலும் குறைந்தாலும் வீட்டார் அதற்கேற்பச் சமைத்துக்கொள்வார்கள். பொதுச் சமையற்கூடம் ஒன்றுக்கோ உணவுப் பொருள் வழங்கும் மையம் ஒன்றுக்கோ அனுப்பப்படும் காய், சரியான நாளில், சரியான அளவில், அங்கிருப்பவர்களால் பயன்படுத்தக்கூடிய வகையில் போய்ச் சேராவிட்டால் குப்பைக்குத்தான் போகும். ஆகவே எந்த விதையை வாங்குவது, எப்போது ஊன்றுவது, எந்தக் கிழமையில் பறிப்பது என்ற முடிவுகள் எல்லாம் உண்ணும் இடத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியவை

சமைப்பவரையே நேரில் கண்டு பேசுவது நல்லது. நிர்வாகியிடம் மட்டும் கேட்டால் "எதைக் கொடுத்தாலும் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம்" என்ற மரியாதையான பதில்தான் கிடைக்கும், அதைக் கொண்டு ஒரு பாத்தியைக்கூடத் திட்டமிட முடியாது. வாரத்தில் எந்தெந்த நாள்களில் சமைக்கிறார்கள், ஒரு வேளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், காய் நறுக்க எத்தனை கைகள் உண்டு, குளிர்பதனப் பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது, எந்தக் காய் தட்டிலேயே மிஞ்சுகிறது, எது எப்போதும் போதாமல் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இருவர் மட்டுமே நறுக்கும் கூடத்துக்கு மண் ஒட்டிய சிறு கிழங்குகளையும் ஆய்ந்தெடுக்க நேரம் பிடிக்கும் கீரையையும் மூட்டையாக அனுப்புவது அவர்களுக்குச் சுமையாகிவிடும்; அதே எடையில் நான்கைந்து பெரிய பூசணிக்காய்கள் அவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். சமைக்க அடுப்பே இல்லாதவர்களுக்கு, தங்குமிடம் இல்லாதவர்களுக்கு, நேரடியாகக் கொடுப்பதானால் தக்காளி, வெள்ளரி, கேரட் போலக் கழுவியவுடன் உண்ணத்தக்கவையே பயன்படும். முதியோர் மிகுந்த இல்லம் என்றால் மென்று தின்ன வேண்டியவற்றைக் குறைத்து, வெந்து குழையக்கூடியவற்றைக் கூட்ட வேண்டும்.

நிலம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1995-ஆம் ஆண்டு அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், செய்தித்தாளில் தோட்டக்கலைப் பத்தி எழுதிவந்த ஜெஃப் லோவன்ஃபெல்ஸ், உள்ளூர் உணவுக்கூடம் ஒன்றுக்காக அவரவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு வரிசை கூடுதலாக நடும்படி வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் பின்னர் பல ஊர்களுக்குப் பரவி ஓர் இயக்கமாயிற்று. பொதுத் தோட்டம் உருவாகும் காலத்தில் உறுப்பினர்களின் வீடுகளிலிருந்து இப்படிச் சேரும் காய்களைக் கொண்டே வழங்கும் பழக்கத்தைத் தொடங்கிவிடலாம். ஏற்றிச் செல்வது, எடை போடுவது, ஒப்படைப்பது ஆகியவற்றில் வரும் சிக்கல்கள் அப்போதே தெரிந்துவிடும்.

எவ்வளவு விளையும் என்ற கணக்கு

புதிதாகப் பண்படுத்திய மண்ணில், அனுபவம் குறைந்த கைகளால், ஒரு பருவத்தில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்குச் சராசரியாக இரண்டு கிலோ காய் கிடைக்கும் என்று திட்டமிடுவது பாதுகாப்பானது. பயிரையும் பராமரிப்பையும் பொறுத்து இது இரட்டிப்பாகலாம் என்றாலும், கூடுதலை எதிர்பார்த்து வாக்குக் கொடுக்கக் கூடாது. நடைபாதைகளை விலக்கி 100 சதுர மீட்டர் பாத்தி இருந்தால் பருவத்துக்கு 200 கிலோ. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த முழுத் தேவையையும் நிறைவேற்ற முயன்றால், இந்த 200 கிலோ நான்கு மாதத்துக்கு நான்கு பேருக்குத்தான் காணும். இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பறிப்புக் காலம் 12 வாரம் நீடிப்பதாகக் கொண்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 16 கிலோ வருகிறது. ஆளுக்கு 200 கிராம் என்றால், வாரத்தில் ஒரு வேளை 80 பேருடைய தட்டில் நிறைவான காய் இருக்கும். எனவே "இந்தப் பகுதியின் பசியைப் போக்குவோம்" என்று அறிவிப்பதைக் காட்டிலும், "புதன்கிழமை மதிய உணவுக்கான காய் எங்கள் பொறுப்பு" என்று ஒரு சமையற்கூடத்திடம் சொல்வது நடக்கக்கூடியது. சமைப்பவருக்கும் அன்றைய கொள்முதல் மிச்சமாகும்.

நிலமும் நீரும்

நிலத்துக்கு உரியவரிடம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கேனும் எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும். முதல் ஆண்டில் மண்ணுக்குள் போடும் உழைப்பும் மட்கு உரமும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் முழுப் பலன் தரும் என்பதால், ஓராண்டு வாய்மொழி அனுமதியை நம்பி இறங்குவது வீண். தண்ணீர்க் கட்டணம் யாருடையது, சாவி யாரிடம் இருக்கும், வேலி போடலாமா, யாருக்கேனும் அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்பவையும் அதே தாளில் இருக்கட்டும்.

வெயிலைப் பொறுத்தவரை, காய் காய்க்கும் பயிர்களுக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் தேவை. நான்கு மணி நேரமே கிடைக்கும் இடத்தில் கீரை வகைகள் மட்டும் ஓரளவு தேறும். காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் போய்ப் பார்த்து, மரத்தின் நிழலும் கட்டடத்தின் நிழலும் எங்கே விழுகின்றன என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மண்ணில் நச்சுப் பொருள் இருக்கிறதா என்ற சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பழைய கட்டடங்களின் சுவரோரம் உதிர்ந்த சாயத்திலிருந்தும், ஈயம் கலந்த பெட்ரோல் புழக்கத்தில் இருந்த காலத்து வாகனப் புகையிலிருந்தும் மண்ணில் சேர்ந்த ஈயம் தானாக அழிந்துபோவதில்லை. பழுதுபார்க்கும் பட்டறையோ எரிபொருள் நிலையமோ குப்பை கொட்டுமிடமோ இருந்த நிலம் என்றால் மேலும் எச்சரிக்கை வேண்டும். ஆய்வகத்துக்கு மண் அனுப்பும்போது அமில-கார நிலை, சத்துகள் ஆகியவற்றோடு ஈயம் முதலிய கன உலோகங்களையும் கேட்டுப் பெற வேண்டும். அளவு மிகுந்திருந்தால் அந்த மண்ணில் கிழங்குகளையும் இலைக் காய்களையும் விளைவிக்கக் கூடாது. இவற்றில் மண்ணும் தூசியும் ஒட்டி உடலுக்குள் போகும் வாய்ப்பு அதிகம். தரைமேல் தடுப்புத் துணி விரித்து, வெளியிலிருந்து தூய மண் கொண்டுவந்து உயரப் பாத்தி அமைப்பதே அங்கே வழி. நம் வீட்டுக்கென்றால் துணிந்து உண்டுவிடுவோம் என்று சிலர் சொல்லக்கூடும். பிறர் குழந்தைகளுக்கு, அதுவும் வேறு தேர்வு இல்லாதவர்களுடைய குழந்தைகளுக்கு, கொடுக்கும் உணவில் அந்தத் துணிச்சலுக்கு இடமில்லை.

தண்ணீர்க் கணக்கைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் நீர் என்பது காய்கறிப் பயிருக்கான பொதுவான அளவு. வெப்பமும் காற்றும் மிகுந்தால் இன்னும் கூடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர் என்பதால், 100 சதுர மீட்டருக்கு வாரம் 2,500 லிட்டர் வேண்டும். பத்து லிட்டர் பூவாளியால் ஊற்றினால் 250 நடை. எந்தத் தன்னார்வலரும் இரண்டு வாரத்துக்கு மேல் இதைத் தாங்கமாட்டார். பாத்திகளுக்கு அருகிலேயே குழாய் இணைப்பு இருக்கும் நிலமே வேண்டும். சொட்டு நீர்க் குழாயும் நேரம் குறித்துத் திறந்து மூடும் கருவியும் பொருத்த முடிந்தால், தோட்டத்துக்குச் செலவிடும் தொகையில் மிகப் பயனுள்ள செலவு அதுவே. 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சிந்தியது போகச் சற்றேறக்குறைய 400 லிட்டர் பிடிக்கலாம். ஆனால் அதைப் பாசனத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாமே தவிர, காய் கழுவப் பயன்படுத்தக் கூடாது.

பாத்தியும் மண்ணும்

இரு பக்கத்திலிருந்தும் கை எட்டும்படி பாத்தியின் அகலம் 1.2 மீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்ற ஒரே விதி மண்ணை இறுகாமல் காக்கும். பழகாதவர்கள் கூட்டமாக வரும் தோட்டத்தில் நடைபாதை எது, பாத்தி எது என்று பார்த்தவுடன் தெரியாவிட்டால் இந்த விதி நிற்காது. எனவே பாதைகளில் மரத்துண்டுகளோ வைக்கோலோ கனமாகப் பரப்பி வேறுபடுத்திவிட வேண்டும். பாதை 60 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் தள்ளுவண்டிக்கும் 90 செ.மீ. வேண்டும். குனிய இயலாதவர்களுக்காக இரண்டொரு பாத்திகளை 60 முதல் 70 செ.மீ. உயரத்தில் அமைத்தால், முதியவர்கள் பலர் நிலையான உறுப்பினர்களாக வருவார்கள். உயரப் பாத்திக்குப் பழைய ரயில்வே கட்டைகளைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் தார் வகை எண்ணெய் ஏறியிருக்கும். பழைய பதனிட்ட மரங்களில் செம்பு, குரோமியத்துடன் ஆர்சனிக்கும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

புல்லும் களையும் மூடிக் கிடக்கும் நிலத்தைக் கொத்திப் புரட்டாமலேயே பாத்தியாக்க முடியும். களைகளைத் தரையோடு வெட்டி, நிறம் பூசாத அட்டைப் பெட்டிகளை ஒட்டுநாடா நீக்கி ஒன்றன்மேல் ஒன்று ஓரம் படியும்படி விரித்து, நன்றாக நனைத்து, அதன்மேல் 10 முதல் 15 செ.மீ. மட்கு பரப்ப வேண்டும். சில மாதங்களில் அட்டை மட்கிவிடும். அதற்குள் பெரும்பாலான களைகள் வெளிச்சமின்றி மடிந்துவிடும். கோரை, அறுகு போல் நிலத்தடித் தண்டால் பரவுபவை மட்டும் இதற்கு அடங்கா. அவற்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். 100 சதுர மீட்டரில் 10 செ.மீ. பரப்ப 10 கன மீட்டர் மட்கு தேவைப்படும் என்பதையும், அதை வண்டியிலிருந்து இறக்கித் தள்ளுவண்டியில் சேர்ப்பதற்கே ஒரு நாள் ஆகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

மட்காத சாணத்தையும் கோழி எருவையும் நேரடியாகப் போட்டுவிட்டு அடுத்த மாதமே கீரை பறிப்பது ஆபத்தானது. அமெரிக்க இயற்கை வேளாண்மை விதிகள், மண்ணில் படும் விளைச்சலுக்கு மட்காத எரு இட்டு 120 நாளும், மண்ணில் படாத விளைச்சலுக்கு 90 நாளும் கழிந்த பிறகே அறுவடை செய்ய அனுமதிக்கின்றன; எந்த நாட்டில் இருந்தாலும் இதைப் பின்பற்றலாம். குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியசுக்கு மேல் பல நாள்கள் சூடேறி, பலமுறை புரட்டப்பட்டு முறையாக மட்கிய உரமென்றால் இந்தக் கவலை பெரிதும் குறையும். வெளியிலிருந்து எருவோ வைக்கோலோ வாங்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. மேய்ச்சல் புல்லுக்குத் தெளிக்கும் சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் மட்குக் குவியலையும் கடந்தும் அழியாமல் வந்து தக்காளியையும் பயறு வகைகளையும் சுருட்டிவிடும். வந்த எருவில் கொஞ்சத்தை மண்ணோடு கலந்து தொட்டியில் நிரப்பி, நான்கு பீன்ஸ் விதை ஊன்றி மூன்று வாரம் பார்த்தால் போதும். இலை கிண்ணம்போல் மடங்கினால் அந்த எருவைப் பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது.

எதை நடுவது

சமையற்கூடத்தின் தேவை ஒரு பக்கம் இருக்க, தன்னார்வலர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்கள் என்பதும் பயிரைத் தீர்மானிக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே ஆள் வரும் தோட்டத்தில் பீன்ஸும் வெண்டையும் வெள்ளரியும் அதிகம் நட்டால், சனிக்கிழமை பிஞ்சாக விட்டது அடுத்த சனிக்கிழமை முற்றி நார் பாய்ந்திருக்கும். முற்றிய காய்களைச் செடியில் விட்டுவைத்தால் புதிய காய்ப்பும் குறைந்துவிடும். இவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்க ஆள் உண்டு என்ற உறுதி இருந்தால் மட்டுமே ஏற்றவை. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், வெங்காயம், பூசணி ஆகியவை நமக்காகச் சில நாள் முதல் சில வாரம்வரை காத்திருக்கும். ஒரே நாளில் அதிக எடையில் பறிக்கலாம், ஏற்றிச் செல்கையில் நசுங்கா, சேமிப்பிலும் தாங்கும். முதலாண்டில் பாதிக்கு மேற்பட்ட பாத்திகளை இப்படிப் பொறுமையுள்ள பயிர்களுக்கே ஒதுக்குவது என் பரிந்துரை. பார்ப்பவர் வியக்க வேண்டும் என்பதற்காக அரிய வகைகளையும் வண்ண வண்ணக் காய்களையும் நடும் ஆசை எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் வரும். சமைப்பவருக்குத் தெரியாத காய் அடுப்படியில் ஓரமாகக் கிடக்கும்.

நாள் கணக்கும் வேண்டும். முள்ளங்கி விதைத்து 25 முதல் 30 நாளிலும், கீரைகள் 30 முதல் 50 நாளிலும், குத்துச்செடி பீன்ஸ் 50 முதல் 60 நாளிலும், கேரட் 70 முதல் 80 நாளிலும், தக்காளி நாற்று நட்டு 60 முதல் 80 நாளிலும், முதிர்ந்த பூசணி 90 முதல் 110 நாளிலும் பறிப்புக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் விளைந்து, வாங்கிக்கொள்பவர் திணறுவார். பிறகு வெறும் கூடைதான் போகும். முள்ளங்கி, கீரை, பீன்ஸ், கேரட் ஆகியவற்றை இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில் பகுதி பகுதியாக விதைத்துக்கொண்டே போனால் வாரந்தோறும் ஓரளவு சீராக வரும். நாள்காட்டியில் வழங்கும் தேதிகளை முதலில் எழுதி, அங்கிருந்து நாள்களைக் கழித்துப் பின்னோக்கி வந்து விதைப்புத் தேதியைக் குறிக்க வேண்டும். உறைபனி விழும் பகுதிகளில் கடைசிப் பனி, முதற்பனி ஆகிய இரண்டுக்கும் இடையிலும், கடும் மழையோ கடும் கோடையோ உள்ள பகுதிகளில் அவற்றுக்கு அப்பாலும் இந்தத் தேதிகள் அமைய வேண்டும்.

விதையை நன்கொடையாகப் பெறும் குழுக்கள் முளைப்புத்திறனைச் சோதிக்காமல் நடவுக்குப் போகக் கூடாது. பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பத்து நாளில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணினால், எவ்வளவு நெருக்கி விதைப்பது என்று தெரிந்துவிடும். தக்காளி விதை சரியாகக் காத்தால் நான்கைந்து ஆண்டு தாங்கும். வெங்காய விதை ஓரிரண்டு ஆண்டிலேயே வீரியம் இழக்கும். தோட்டத்திலேயே விதை எடுப்பதானால் தக்காளியிலும் பீன்ஸிலும் எடுக்கலாம், பூசணி வகைகளில் வேண்டாம். அழகுக்கு வளர்க்கும் சுரை, பூசணி இனங்களோடு மகரந்தம் கலந்துவிட்டால், அடுத்த தலைமுறைக் காயில் வயிற்றைக் கடுமையாகப் பாதிக்கும் கசப்பு நச்சு உருவாகக்கூடும். வழக்கத்தில் கசக்காத ஒரு பூசணியோ சுரைக்காயோ கசந்தால், அந்தக் கொடியின் காய் எதையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

நடவு நாள்

நடவு நாளுக்கு ஆள் சேர்ப்பது எளிது. வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதுதான் கடினம். முப்பது பேர் வந்து ஐந்து மண்வெட்டிகளைச் சுற்றி நின்றால், இருபத்தைந்து பேர் மறுமுறை வரமாட்டார்கள். எனவே பாத்திகள் முந்தைய நாளே ஆயத்தமாகி நனைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்தியின் தலைப்பிலும் பயிர்ப் பெயர், இடைவெளி, ஆழம், எத்தனை நாற்று ஆகியவற்றை எழுதிய பலகை நிற்க வேண்டும். அந்தந்த நாற்றுத் தட்டும் அங்கேயே நிழலில் இருக்க வேண்டும். இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடச் சொல்வதற்குப் பதிலாக, 45 செ.மீ. நீளமுள்ள குச்சி, 15 செ.மீ. நீளமுள்ள குச்சி என்று வெட்டிக் கையில் கொடுத்துவிட்டால் சிறுவர்களும் பிழையின்றி நடுவார்கள். தக்காளிக்கும் முட்டைக்கோஸுக்கும் 45 முதல் 60 செ.மீ., குத்துச்செடி பீன்ஸுக்கு 10 முதல் 15, நெருக்கமாக முளைத்த செடிகளைப் பிடுங்கி இடைவெளி விட்டபின் கேரட்டுக்கு 5 என்பன நடைமுறையில் போதுமான அளவுகள். விதையை அதன் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் இட்டால் போதும். புதியவர்கள் கேரட் விதையை விரல் நீளம் புதைத்துவிடுவது வழக்கம்.

எட்டு முதல் பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி இருக்கட்டும். அவர் நடாமல், சுற்றிவந்து காட்டிக்கொடுப்பதையே வேலையாகக் கொள்ளட்டும். வெயில் தாழ்ந்த பிறகு நாற்று நடுவது நல்லது. வேர்க்கட்டி உடையாமல் எடுத்து, நட்டவுடன் தண்ணீர் விட்டு, செடியின் தண்டைத் தொடாமல் வைக்கோலோ சருகோ கொண்டு மூடாக்குப் போட வேண்டும். தக்காளி நாற்றை மட்டும் கீழிலைகளை நீக்கித் தண்டின் பாதிவரை புதைக்கலாம்; புதைந்த தண்டு முழுவதும் வேர் விடும். வந்தவர்கள் கையுறை, மூடிய காலணி அணிந்திருக்கிறார்களா என்று பார்க்கவும். மண்ணில் வேலை செய்பவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை போடும் டெட்டனஸ் ஊக்கத் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது என்பதையும் அழைப்பிலேயே எழுதிவிடலாம்.

நடவுக்குப் பிந்தைய வாரங்கள்

இத்தகைய தோட்டங்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் நட்ட ஆறாம் வாரத்துக்கும் பத்தாம் வாரத்துக்கும் இடையில்தான். விழா முடிந்துவிட்டது, பெரும்பறிப்பு இன்னும் தொடங்கவில்லை, களை மட்டும் வளர்கிறது. "எல்லோரும் முடிந்தபோது வாருங்கள்" என்ற ஏற்பாட்டில் எவரும் வரமாட்டார். ஒவ்வொரு பாத்திக்கும் பெயர் சொல்லக்கூடிய இருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் பார்த்துக்கொள்வார். இதைத் தவிர, வாரநாள் காலையில் அரை மணி நேரம் வந்துபோகக்கூடிய நான்கைந்து பேர் கொண்ட சிறு குழு ஒன்று நீரையும் பூச்சியையும் பறிப்பையும் கவனிக்க வேண்டும். தோட்டத்தின் உயிர் இந்தச் சிறு குழுவில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வராவிட்டாலும் சமாளிக்கலாம்.

களையை இரண்டிலை விட்டிருக்கும்போதே களைக்கொத்தால் மேலாகச் சீய்த்துவிட்டால் பத்து நிமிட வேலை. முழங்கால் உயரம் வளர்ந்தால் ஒரு முழு நாள். பூச்சியைப் பொறுத்தவரை, இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமே முதல் மருந்து. அசுவினி எனும் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். முட்டைக்கோஸின் பச்சைப் புழுவைக் கையால் பொறுக்கலாம், அல்லது நட்ட நாளிலேயே மென்வலை போர்த்தி வண்ணத்துப்பூச்சி முட்டையிடாமல் தடுக்கலாம். எதைத் தெளிப்பதானாலும் இருவருக்குமேல் அந்த அதிகாரம் இருக்கக் கூடாது. என்ன தெளித்தார்கள், என்று தெளித்தார்கள், அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைப் பலகையில் எழுதாமல் தெளிக்கவே கூடாது.

பறிப்பும் ஒப்படைப்பும்

பனி உலர்ந்ததும் காலையிலேயே பறிப்பதே சிறந்தது. வெயில் ஏறிய பின் பறித்த கீரை ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ளவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை காயைத் தொடக் கூடாது; கை கழுவச் சோப்பும் தண்ணீரும் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். பறிக்கும் கூடைகளை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் தனியாகக் கழுவிக் காயவைத்து வைக்கவும், அவற்றை மண்மேல் நேரடியாக வைக்காமல் ஒரு பலகைமேல் வைக்கவும் பழக்க வேண்டும். கழுவும் நீர் குடிக்கத்தக்க நீராக இருக்க வேண்டும். வெயிலில் சூடான தக்காளியைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், காம்படி வழியாக நீரும் அதிலுள்ள கிருமியும் உள்ளே இழுக்கப்படும்; நிழலில் ஆறவைத்துத் துடைத்தால் போதும். வெங்காயம், பூசணி ஆகியவற்றைக் கழுவவே வேண்டாம், உலர வைத்து அனுப்ப வேண்டும். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கு நச்சுள்ளது என்பதால் அதைக் கூடையில் சேர்க்கக் கூடாது.

கீரையும் கோஸும் கேரட்டும் உறையாத அளவுக்குக் குளிர்ந்த இடத்தில் நன்றாக நிற்கும்; தக்காளி, வெள்ளரி, பீன்ஸ் ஆகியவற்றுக்குக் கடுங்குளிர் ஆகாது, தக்காளிக்கு 12 அல்லது 13 டிகிரிக்குக் கீழ் போனால் சுவை கெடும். எனவே எல்லாவற்றையும் ஒரே குளிர்பெட்டியில் திணிப்பதைவிட, பறித்த அன்றே கொண்டுபோய்ச் சேர்க்கும்படி பறிப்பு நாளை வைத்துக்கொள்வது நல்லது. சமைக்கும் நாளுக்கு முந்தைய நாள் மாலைக்குள் கூடை அங்கே இருக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பே, "கேரட் ஏழு கிலோ, கோஸ் ஒன்பது கிலோ வரும்" என்று தோராயமாகவேனும் தகவல் போய்விட வேண்டும். குறைவாக இருந்தாலும் தகவல் போகட்டும். சமைப்பவருக்கு, "இந்த முறை காய் இல்லை" என்ற செய்தியைவிட எதிர்பாராத வெற்றுக் கூடைதான் தொல்லை.

நமக்கே வாங்கத் தோன்றாத காயைக் கூடையில் வைக்கக் கூடாது. வெடித்த தக்காளியும் முற்றிய வெண்டையும் மட்குக் குழிக்குரியவை. குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுக்கும்போது, கட்டிவைத்த பையை நீட்டுவதைவிட மேசைமேல் பரப்பி வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். வீணாவதும் குறையும், பெறுபவருக்குக் கூச்சமும் குறையும். பெறுபவர்களைப் படம் எடுப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். படம் வேண்டுமென்றால் பூசணிக்காயைப் படம் எடுக்கலாம். பெறுகிறவர்களில் விருப்பமுள்ளவர்களை நடவுக்கும் பறிப்புக்கும் அழைப்பது நல்லது, ஆனால் காய் வேண்டுமானால் வேலைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை எந்த வடிவிலும் தலைகாட்டக் கூடாது. வேலியோரத்தில் யாரும் கேட்காமல் பறித்துக்கொள்ளும்படி ஒரு பாத்தியை விட்டுவைக்கும் தோட்டங்களும் உண்டு. இரவில் காய் காணாமற்போவதைப் பற்றிய பேச்சு பாதி அதனாலேயே அடங்கிவிடும்.

பருவ முடிவில்

எடைத் தராசு ஒன்றும் ஒரு குறிப்பேடும் முதல் பறிப்பு நாளிலிருந்தே இருக்க வேண்டும். தேதி, பயிர், பாத்தி எண், எடை, எங்கே போனது, அங்கே எவ்வளவு மிஞ்சியது என்ற ஆறு தகவல்கள் போதும். பருவம் முடிந்ததும் அந்த ஏட்டோடு சமைப்பவரிடம் மீண்டும் போய் உட்கார்ந்து, எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பருவ விதைக்குச் சொல்ல வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை ஒரே குடும்பம். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி இன்னொரு குடும்பம். பூசணி, வெள்ளரி மற்றொன்று. ஒரு குடும்பம் நின்ற பாத்தியில் அதே குடும்பத்தை மூன்று ஆண்டுக்காவது திரும்ப நடாதபடி பாத்தி எண்களை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். இடம் குறைவென்றால் இரண்டு ஆண்டாவது விட வேண்டும். நோய் கண்ட செடிகளை வேரோடு அகற்றி அப்புறப்படுத்தியும், நல்ல செடிகளைத் தரையோடு வெட்டி வேரை மண்ணிலேயே மட்க விட்டும், காலியான ஒவ்வொரு பாத்தியிலும் மண்ணிலேயே மடக்கி உரமாக்கும் பயறு வகைப் பசுந்தாளுரப் பயிரை உடனே விதைக்க வேண்டும். அதற்கு நாளில்லாவிட்டால் இலைச்சருகால் நான்கு விரல் கனத்துக்கு மூடிவிட வேண்டும். கருவிகளை மண் நீக்கி எண்ணெய் தடவி எண்ணி அடுக்கி, சொட்டு நீர்க் குழாய்களில் நீரை வடித்துச் சுருட்டி வைத்து, சாவியை அடுத்த பருவப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.